ஐந்து ஸ்டாரும் பின்சீட்டு பெல்ட்டும்

தெருவுக்குள் புதுக் கார் ஒன்று வந்து நின்றால் எங்கள் பக்கத்தில் கேட்கிற முதல் கேள்வி ரொம்ப காலமாக ஒன்றேதான்: "எவ்வளவு கொடுக்குது?" விலையைக் கேட்டால் வம்பு, மைலேஜைக் கேட்டால் அக்கறை. வண்டிக்காரரும் உள்ளதைவிட இரண்டு கிலோமீட்டர் கூட்டித்தான் சொல்வார், "ஹைவேயில இருபது தாராளமா கொடுக்கும்" என்று. கேட்பவரும் மனசுக்குள் இரண்டைக் கழித்துக்கொள்வார். யாருக்கும் நஷ்டமில்லை.

இப்போது கீழ்வீட்டில் பத்தாவது படிக்கிற பையன் வந்து, "அங்கிள், இது எத்தனை ஸ்டார்?" என்கிறான். காரை மோத விட்டுப் பார்க்கிற பாதுகாப்புச் சோதனையில் எந்த மாடல் பெரியவர்களுக்கு எத்தனை ஸ்டார் வாங்கியது, குழந்தைகளுக்கு எத்தனை வாங்கியது என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். லைசென்ஸ் எடுக்க அவனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

கார் வாங்குகிறவர்களின் மனசு மாறியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எதுவரைக்கும் மாறியிருக்கிறது என்பதில்தான் சந்தேகம்.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தார்கள். ஐம்பதாயிரத்தை ஒட்டிய விலை. அம்பாசடரிலும் பத்மினியிலும் பழகியவர்கள் அதன் தகட்டைத் தட்டிப் பார்த்து "டப்பா" என்றார்கள். டப்பா என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார்கள், ஏனென்றால் அது கொடுத்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது, அடுத்த வருஷம் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான். சென்னைக்காரர்களுக்குக் கார் என்பது உள்ளூர்ச் சரக்காகவே ஆகிவிட்டது. ஷோரூம் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. ஏர்பேக் என்பது டாப் மாடலில் இருக்கும் ஆடம்பரம். அதற்கு இன்னும் அறுபதாயிரம் எழுபதாயிரம் போடணும் என்றதும், "அந்தக் காசுக்கு நல்ல மியூசிக் சிஸ்டமும் அலாய் வீலும் போட்டுடலாம் சார்" என்று விற்கிறவரே யோசனை சொல்வார். நாமும் தலையாட்டுவோம்.

இதில் எனக்கு இன்னும் உறுத்துகிற ஒன்று உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஐ10 ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. அங்கே போன வண்டியில் ஏர்பேக் இருந்தது. அதே கேட்டைத் தாண்டி பூந்தமல்லி பக்கம் வந்த அடிப்படை மாடலில் இல்லை. கம்பெனியைத் திட்டுவது சுலபம், திட்டவும் வேண்டும்தான். ஆனால் "அது எதுக்கு, வெலை கொறையுமா?" என்று கேட்ட நம் பங்கும் அதில் இருக்கிறது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கிற ஐந்து கார்களின் அடிப்படை மாடல்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத விட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். ஸ்டீயரிங் போய் பொம்மையின் நெஞ்சில் இடிக்கிற அந்த வீடியோவை ஸ்லோமோஷனில் பார்த்தவர்கள், அதற்கப்புறம் தங்கள் காரின் ஸ்டீயரிங்கை வேறு மாதிரிப் பார்த்திருப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் ஏர்பேக் இல்லாத போலோவை விற்பதையே நிறுத்தியது. இரண்டு ஏர்பேக் வைத்த போலோ நான்கு ஸ்டார் வாங்கியது. பாதுகாப்பு என்பது தகட்டின் கனத்தில் இல்லை என்று நம்மவர்களுக்கு முதலில் புரிய வைத்தது அந்த வீடியோக்கள்தான் என்று நினைக்கிறேன். எந்தச் சட்டமும் அதைச் செய்யவில்லை.

சட்டம் பின்னாலேயே நடந்து வந்தது. 2019 ஜூலையில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம். ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று அறிவித்து, ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் 2023 செப்டம்பரில் கட்டாயமாக்கப் போவதில்லை என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். அதற்குள் கம்பெனிகளே ஆறு ஏர்பேக்கை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட ஆரம்பித்திருந்தன. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து ஸ்டார் வாங்கியது. இந்தியாவில் செய்து இந்தியாவிலேயே விற்கிற கார் ஒன்று குளோபல் என்கேப்பில் அதை வாங்குவது அதுதான் முதல் தடவை. 2023 அக்டோபரில் நமக்கே சொந்தமாக பாரத் என்கேப் என்ற சோதனைத் திட்டம் வந்தது. 2024 நவம்பரில் மாருதியின் டிசையரும் ஐந்து வாங்கியது. மைலேஜுக்கே பேர்போன கம்பெனி ஸ்டாரைச் சொல்லி விற்கிற நாள் வரும் என்று பத்து வருஷத்துக்கு முன் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

சரி, ஸ்டார் வந்தது. ஆனால் அந்த ஸ்டாரைக் கார் தனியாக வாங்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மைகளோடு சேர்ந்துதான் வாங்கியது. முன்சீட்டுப் பொம்மைகள் பெல்ட் போட்டிருந்தன. பின்சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயது அளவில் இருந்த பொம்மைகள் குழந்தைகளுக்கான சீட்டில் கட்டப்பட்டிருந்தன. நம் வண்டியிலோ பின்னால் நான்கு பேர், அதில் ஒருவர் மடியில் ஒரு குழந்தை, முன்சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற இன்னொன்று. ஐந்து ஸ்டார் நமக்கும் பொருந்தும் என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம்.

2022 செப்டம்பர் 4 அன்று டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விபத்தில் இறந்தார். வண்டி பென்ஸ். அவரும் அவரோடு பின்சீட்டில் இருந்தவரும் பெல்ட் போடவில்லை, இருவருமே இறந்துபோனார்கள். முன்சீட்டில் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். அந்த வாரம் எல்லா வாட்ஸப் குரூப்பிலும் பின்சீட்டு பெல்ட்தான் பேச்சு. பின்னால் பெல்ட் போடாவிட்டாலும் ஆயிரம் ரூபாய் அபராதம் உண்டு என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மாசம் போல அந்தப் பயம் இருந்தது.

கூடவே இன்னொரு வியாபாரமும் வெளிச்சத்துக்கு வந்தது. பெல்ட் போடாவிட்டால் வண்டி 'டிங் டிங்' என்று கத்துமே, அதன் வாயை அடைக்க ஒரு சின்ன உலோகக் கிளிப். பெல்ட்டுக்குப் பதிலாக அதைப் பக்கிளில் சொருகிவிட்டால் வண்டி ஏமாந்துவிடும். பாட்டில் ஓப்பனர், சிகரெட் லைட்டர் என்ற பெயரில்கூட அது இணையத்தில் விற்றது. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு ஐந்து இணையக் கடைகளிலிருந்து 13,118 பதிவுகளை நீக்க வைத்தது. பத்து லட்சம் கொடுத்து ஆறு ஏர்பேக் வாங்கிய மனுஷன், இருநூறு ரூபாய் கிளிப் வாங்கி அதைக் கெடுத்துக்கொள்கிறான். கண் இமைப்பதற்குள் விரிந்து வெளியே வருகிற பை அது. பெல்ட் நம்மைப் பிடித்து வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பெல்ட் இல்லாமல் அதன்மேல் போய் விழுந்தால் அதுவே அடிக்கும்.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓட்டியவர்கள் இல்லை, கூடப் போனவர்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் தாம்பரத்திலிருந்து வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தேன். வண்டி புதுசு, கதவில் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை. பின்சீட்டு பெல்ட்டை இழுத்தாகிவிட்டது, மாட்டுவதற்கு லாக்கைக் காணோம்.

"அண்ணே, பெல்ட்டு மாட்டற லாக் எங்க இருக்கு?"

கண்ணாடி வழியாகப் பார்த்தார். "பின்னாடியெல்லாம் போலீஸ் பாக்க மாட்டாங்க சார்."

"அதுக்கு இல்லண்ணே."

"சீட் கவருக்கு அடியில போயிருக்கும். யாரும் கேட்டதில்லயே சார்."

சீட்டுக்கும் முதுகுச் சாய்மானத்துக்கும் நடுவில் விரல் விட்டுத் துழாவினேன். ஒரு ஹேர்பின், ஒரு ரெண்டு ரூபாய்க் காசு, அப்புறம் தோல் கவருக்கு அடியில் சிறைப்பட்ட லாக். பிடித்து இழுத்து மாட்டினேன். இறங்கும்போது பார்த்தால் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை பூணூல் போட்ட மாதிரி ஒரு தூசிக் கோடு. வண்டி வந்த நாளிலிருந்து அந்த பெல்ட்டை யாரும் வெளியே இழுத்ததே இல்லை போல.

இந்த சீட் கவர் விஷயத்தில் எனக்குத் தனிப்பட்ட ஆத்திரமே உண்டு. ஷோரூமிலிருந்து நேராக ஆக்சஸரீஸ் கடைக்குத்தான் போகிறோம். சீட்டின் பக்கவாட்டிலிருந்து ஏர்பேக் விரிகிற வண்டிகளில் அதற்கு இடம் விட்டுத் தைத்த கவர் வேண்டும். கடையில் அதைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார்கள். வண்டியின் முன்பக்க பம்பரில் கம்பி கட்டுகிற வழக்கத்தை 2017 டிசம்பரில் தடை செய்தார்கள், ஏர்பேக்குக்கான சென்சார் வேலை செய்வதைக் கெடுக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம். இன்றும் ஜிஎஸ்டி ரோட்டில் கால் மணி நேரம் நின்றால் கம்பி கட்டிய வண்டி நாலைந்து போகும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கி, பாடிகாட் முனீஸ்வரன் கோவிலில் பூஜை போட்டு, திருஷ்டிக் கயிறும் கட்டுகிறோம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நானும் செய்தவன்தான். முனீஸ்வரன் பெல்ட் போட வேண்டாம் என்று சொன்னதில்லை.

செலவுக்கு வருவோம். அங்கே நம் கணக்கு இன்னும் பழைய நோட்டில்தான் இருக்கிறது. முன்பு மைலேஜ் மட்டும் பார்த்தோம், இப்போது ஈஎம்ஐ மட்டும் பார்க்கிறோம்.

ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் என் மச்சான் கார் வாங்கப் போகிறேன் என்று வந்தான். "மாமா, மாசம் பன்னெண்டாயிரம்தான். இப்ப கேபுக்கே எட்டாயிரம் போகுது." உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். ஷோரூம் விலை 8 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரியைக் கூட்டிய பிறகு, 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதாவது 1,04,000. இன்சூரன்ஸ், இதர செலவு எல்லாம் சேர்த்து வண்டி ரோட்டுக்கு வரும்போது ஒன்பதரை லட்சம். 2 லட்சம் கையிலிருந்து போட்டு, மீதி ஏழரை லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்கு எடுத்தால் மாசம் 12,070 ரூபாய். வட்டி மட்டும் 2.6 லட்சத்துக்கு மேல்.

வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுவான் என்று வைத்துக்கொண்டோம். சென்னை டிராபிக்கில் 14 கொடுத்தாலே பெரிய விஷயம். பெட்ரோல் 100 ரூபாய்க்கு மேல், அதிலும் 20 சதவீதம் எத்தனால். மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று அரசே ஒப்புக்கொண்ட சரக்கு அது. பெட்ரோலுக்கு மாசம் 4,800. இன்சூரன்ஸ் புதுப்பிப்பு, சர்வீஸ், டயர் எல்லாவற்றையும் மாசத்துக்குப் பிரித்தால் ஒரு 2,500. கூட்டினால் 19,000-க்கு மேல். கிலோமீட்டருக்கு 29 ரூபாய். ஏழு வருஷம் கழித்து விற்றால் கொஞ்சம் திரும்பும், ஆனால் முதலில் போட்ட ரெண்டு லட்சத்துக்கும் அதன் வட்டிக்கும் அது சரியாகப் போகும்.

காகிதத்தைப் பார்த்தான். "மாமா, போன தடவை அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு ராத்திரி ரெண்டு மணிக்கு புக் பண்ணப்போ ரெண்டு கேப் கேன்சல் ஆச்சே, அதை எந்த வரியில எழுதுவீங்க?"

என்னிடம் பதில் இல்லை. நம் வீடுகளில் காரை வாங்குவது தினமும் ஆபீஸ் போவதற்காக மட்டும் இல்லை. நள்ளிரவு ஆஸ்பத்திரி, விடியற்காலை முகூர்த்தம், வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் கோவில், அக்கா மகள் பிரசவம். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பத்தொன்பதாயிரம். மற்ற நாளெல்லாம் வண்டி கவர் போட்டு நிற்கும், பக்கத்து வீட்டுப் பூனை மேலே படுத்திருக்கும். நாம் வாங்குவது ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியைத்தான். இதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "கேபுக்கு ஆகிற காசு மிச்சம்" என்று சொல்லி வாங்கக் கூடாது. மிச்சம் ஆகாது.

அவன் ஆபீஸில் இருக்கும் இன்னும் சின்ன வயசுக்காரர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். பாண்டிச்சேரி போக இரண்டு நாளைக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர்களும் நாலு வருஷம் ஓடிய வண்டியை சர்வீஸ் ரெக்கார்டு பார்த்து வாங்குகிறார்கள். எங்கள் காலத்தில் செகண்ட் ஹேண்ட் என்றால் கல்யாண வீட்டில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வோம். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) இந்தியாவில் நூறு வீட்டில் ஏழெட்டு வீட்டில்தான் கார் இருக்கிறது என்கிறது. அந்த ஏழெட்டுக்குள் நுழைந்ததை ஊருக்குச் சொல்வதுதான் எங்கள் தலைமுறைக்குக் கார். 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் ஷோரூம்களில் கூட்டம் ஏறியது உண்மைதான். அந்தக் கூட்டத்தில் என் வயசுக்காரர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இன்னொரு மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. சொந்த வண்டி இருந்தும் ஊருக்குப் போக ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். "நாமளே ஓட்டிடலாம், ராத்திரி கிளம்பினா காலையில திருநெல்வேலி" என்ற வீரம் குறைந்திருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் அசந்து, ரோட்டோரம் நின்றிருந்த லாரியில் போய் மோதிய செய்திகளைப் படித்துப் படித்து வந்த பயம் அது.

இன்சூரன்ஸைப் பற்றிய எண்ணத்தை மாற்றியது விபத்தைவிட வெள்ளம்தான், குறைந்தபட்சம் சென்னையில். 2015 டிசம்பருக்கு முன்னால் இன்சூரன்ஸ் என்பது போலீஸ்காரரிடம் காட்டுகிற காகிதம். அந்த வெள்ளம் வடிந்த அன்று எங்கள் தெருவில் ஒருவர் ஆசையாக வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்ற வைத்தால் பிஸ்டன் அந்தத் தண்ணீரை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். வளைந்தது. கிளெய்ம் போட்டபோது, வெள்ளத்தால் வந்த சேதத்துக்குத் தருவோம், நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குத் தர மாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்தது. அதற்கப்புறம் 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற வார்த்தை எங்கள் தெருவில் பால்காரருக்கும் தெரியும். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பம்பர் டு பம்பர், கிளெய்ம் போடாத வருஷங்களுக்கான போனஸ் எல்லாம் இன்று டீக்கடைப் பேச்சு. சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போட்டு அந்த போனஸை இழப்பதைவிடக் கையிலிருந்து மூவாயிரம் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிற அளவுக்குத் தேறிவிட்டோம்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் மழை வலுக்கும் முன்பே வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று செய்தி பரவி, போலீஸ் அதை மறுத்தது. "அபராதம் போட்டாலும் பரவாயில்ல, இன்ஜின் செலவுக்கு அது எவ்வளவோ கம்மி" என்றுதான் பேச்சு இருந்தது. வடிகால் போடாத ஊரில் மேம்பாலம்தான் கார் நிறுத்துமிடம்.

இவ்வளவு பேசுவதும் காருக்கு உள்ளே இருக்கிறவர்களைப் பற்றித்தான். 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க அந்த வருஷம் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். காரிலும் வேனிலும் இருந்தவர்கள் எட்டில் ஒரு பங்குதான். கனமான, உயரமான வண்டி வேண்டும் என்று நாம் எல்லோரும் எஸ்யூவிக்கு மாறும்போது, எதிரே ஹெல்மெட்டை வண்டியின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வருகிறவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஷோரூமில் யாரும் அவரைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

மச்சான் கடைசியில் வாங்கிவிட்டான். ஆறு ஏர்பேக், ஐந்து ஸ்டார். ஏர்பேக்குக்கு இடம் விட்ட சீட் கவர்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டும் வாங்கினான். அடுத்த சண்டை வீட்டில். இரண்டு வயது மகளுக்குக் குழந்தை சீட் வாங்கி, பின்சீட்டில் அதற்கென்றே இருக்கும் கொக்கியில் மாட்டி வைத்திருந்தான். என் மாமியார் பார்த்துவிட்டு, "பெத்த பிள்ளைய இப்படியா கட்டிப் போடுவ? என் மடியில இருந்தா என்ன கொறைஞ்சு போகும்?" என்றார். மோதினால் குழந்தை கையில் நிற்காது என்று அவன் சொல்ல, "மூணு பிள்ளைய மடியில வெச்சு வளத்தவ நான்" என்று அவர் சொல்ல, குழந்தை நடுவில் அழ, நான் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று நழுவினேன்.

இப்போதைக்கு ஓர் உடன்படிக்கை ஆகியிருக்கிறது. செங்கல்பட்டு தாண்டிப் போனால் சீட், ஊருக்குள் பாட்டி மடி. மாமியாரும் பெல்ட் போட்டுக்கொள்ளணும் என்பதைக் கூடுதல் ஷரத்தாகச் சேர்க்கப் பார்த்தான். சேலை கசங்குமாம். அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.